ஒன்பதாம் நிலாவுக்கு வந்த விருந்தாளி

சனிக்கிழமை மதியம் பாகிலா தன் கணவர் தொக்தாரை வாசலுக்குக் காவல் வைத்தாள். தெமிர்தாவ் நகரம் முழுக்கத் தேடினாலும் இவரைவிட மோசமான காவலாளி கிடைக்கமாட்டார் என்று அவளுக்கே தெரியும். ஆனால் வீட்டில் இருந்தது அவர் ஒருவர்தான்.

தொக்தார் நல்ல மனிதர். கோளாறே அதுதான். கதவு தட்டப்பட்டால் யார் என்று பார்ப்பதற்கு முன்பே "உள்ள வாங்க" என்று சொல்லிப் பழகிய வாய் அவருடையது. மின்சாரக் கணக்கு எடுக்க வந்த பெண் ஒருமுறை இவர் வீட்டில் உட்கார்ந்து தேநீர், வெண்ணெய், குதிரைக்கறி என்று ஒரு பிடி பிடித்துவிட்டு, மீட்டரைப் பார்க்க மறந்தே போய்விட்டாள்.

"யார் வந்தாலும் நான் இல்லேன்னு சொல்லணும். சாயங்காலம் வரைக்கும்தான். அப்புறம் ஊரையே கூட்டிட்டு வாங்க, நான் சமைச்சுப் போடறேன்" என்றாள் பாகிலா.

"எங்க போயிருக்கான்னு கேட்டா?"

"நிலாவுக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க."

அது முழுப்பொய்யும் இல்லை. 'ஒன்பதாம் நிலா' என்பது அவள் விளையாடும் கணினி விளையாட்டின் பெயர். எங்கோ தொலைதூரத்தில் ஒரு நிலா. அங்கே மனிதர்கள் விட்டுவிட்டு வந்த ஒரு பழைய சுரங்க நகரம். அதில் நாய் அளவிலிருந்து லாரி அளவு வரைக்கும் உருக்குப் பூச்சிகள் பெருகிக் கிடக்கின்றன. துப்பாக்கியோடு இறங்கி, மூன்று கோபுரங்களில் விளக்கேற்றிவிட்டு, சுரங்கக் கட்டடத்தின் மொட்டைமாடிக்குப் போனால் மீட்புக் கப்பல் வந்து ஏற்றிக்கொள்ளும். சொல்வதற்கு அவ்வளவுதான். ஆனால் அதன் கடைசிக் கட்டமான 'சாம்பல் நிலை' நாலு பேர் சேர்ந்து ஆடுவதற்காகச் செய்தது. நாலு பேரும் கெட்டிக்காரர்களாக இருந்தாலுமே பாதி வழியில் பூச்சிகள் மென்று துப்பிவிடும்.

அதைத் தன்னந்தனியாக ஆடி முடித்துக் கப்பல் ஏறினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை நட்சத்திரம் தருவார்கள். நாட்டிலேயே விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் அதை வைத்திருந்தார்கள். பாகிலாவுக்கு அது வேண்டும். குளிர்காலம் பூராவும் அதற்காகத்தான் அவள் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

இந்தச் சனிக்கிழமை சாயங்காலத்தோடு அந்த வாய்ப்பும் முடிகிறது. கஷ்டம், கஷ்டம் என்று ஊர் உலகமெல்லாம் புலம்பியதால், பூச்சிகளைப் பாதியாகக் குறைக்கப் போவதாகவும், வெள்ளை நட்சத்திரத்தை நிறுத்தப் போவதாகவும் விளையாட்டைச் செய்தவர்கள் அறிவித்துவிட்டார்கள்.

பாகிலா உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறவள். கூரையை ஒட்டி ஓடும் அந்தக் கூண்டில் தனியாக உட்கார்ந்து, காய்ச்சிய உருக்கு தளும்பும் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கீழே ஆட்கள் நடமாடுவார்கள். அங்கே அவசரப்படுகிறவர்களுக்கு வேலை இல்லை. அதனால் விளையாட்டிலும் அவள் ஓடமாட்டாள். நின்று, காது கொடுத்து, பூச்சி எந்தப் பக்கம் கரகரக்கிறது என்று கேட்டுத்தான் அடுத்த அடி வைப்பாள். மகன் தலைநகர் அஸ்தானாவுக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன கணினியில், ஓய்வு நாளில் பொழுதுபோக்காகத் தொடங்கியது. இப்போது மகனைவிட நன்றாக ஆடுகிறாள். மகன் இதை ஒப்புக்கொள்வதில்லை.

முதலில் அவளும் ஒரு குழுவில்தான் இருந்தாள். ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒல்ஜாஸும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும், நாலாவதாக இவள். பையன்கள் ஓடுவார்கள், குதிப்பார்கள், கத்துவார்கள். "அக்கா, இங்க என்ன கொப்பரையா தூக்கறீங்க, சீக்கிரம் வாங்க" என்பான் ஒல்ஜாஸ். அவளும் சிரித்துக்கொள்வாள். ஒருநாள் ஆட்டத்தின் நடுவில், அவள் ஒரு சந்தில் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தபோது திரை கறுத்தது. 'நீங்கள் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டீர்கள்' என்று எழுத்து வந்தது. காதில் பையன்களின் சத்தம் பாதிச் சிரிப்பில் அறுந்துபோனது.

மறுநாள் ஆலை உணவுக்கூடத்தில் ஒல்ஜாஸ் எதுவும் நடக்காதது போல வணக்கம் சொன்னான். அவளும் சொன்னாள். ஆனால் வலித்தது. தன் வயதில் இதற்கெல்லாம் வலிக்கலாமா என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. அன்று சாயங்காலமே தனியாக நிலாவில் இறங்க ஆரம்பித்தாள். அந்த நட்சத்திரம் கிடைத்தால் ஒல்ஜாஸிடம் ஒரு வார்த்தை பேசவேண்டியதில்லை. பெயர்ப்பட்டியலில் அவனே பார்த்துக்கொள்வான்.

காலையிலிருந்து ஆடிய ஆட்டங்கள் எல்லாம் மண்ணைக் கவ்வின. ஒன்றில் இரண்டாவது கோபுரத்தின் படியில், ஒன்றில் மொட்டைமாடிக்குப் போகும் வழியில். இனி நிதானமாக ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று தெரிந்தபோது எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தாள். நாற்காலியில் உட்காரப் போன நேரத்தில் வாசல் மணி அடித்தது.

"உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று தொக்தாரின் குரல் கேட்டது. பிறகு, "அடடா" என்றார்.

வந்தது அவருடைய அக்கா கலம்காஸ். கரகண்டாவிலிருந்து பஸ் ஏறி, ஒரு கையில் குதிரைக்கறித் தொத்திறைச்சியும் மறுகையில் இனிப்புப் பொட்டலமுமாக வந்திருந்தாள். கணவன் வீட்டில் பெரியவள் என்றால் பாகிலாவுக்கு இவள்தான். இவள் வந்திருக்கும்போது தேநீர் ஊற்றாமல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தால் அந்தச் செய்தி கரகண்டாவைத் தாண்டி எங்கெங்கோ போகும்.

பாகிலா கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"ஏம்மா, மொகமெல்லாம் செவந்து கெடக்கு. காய்ச்சலா?" என்றாள் கலம்காஸ், கோட்டைக் கழற்றியபடி.

"இல்ல அண்ணி. உக்காருங்க. இதோ தேத்தண்ணி."

பாகிலா சுடுநீர் வைத்தாள், பாலைச் சுடவைத்தாள், பொரித்த மாவுருண்டைகளைத் தட்டில் கொட்டினாள். விருந்தாளிக்குச் செய்யும் மரியாதைப்படி கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாக ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கண் மட்டும் சுவர்க் கடிகாரத்துக்கும் பக்கத்து அறைக்கும் போய்ப் போய் வந்தது. கலம்காஸ் இரண்டாவது கிண்ணத்திலேயே அதைப் பிடித்துவிட்டாள்.

"உள்ள என்ன வச்சிருக்க? அடுப்புல ஏதாச்சும் தீயுதா?"

தொக்தார்தான் உளறினார். "அவ நிலாவுக்குப் போகணும்க்கா. நட்சத்திரம் வாங்கணும். சாயங்காலத்தோட கடை மூடிருது."

கலம்காஸ் முழுக் கதையையும் கேட்டாள். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தவள். பிள்ளைகளை முறைத்து முறைத்தே புருவம் ஒரு பக்கம் தூக்கி நின்றுவிட்ட முகம். அந்தப் புருவம் இன்னும் மேலே போனது.

"அப்ப எதுக்கு இங்க நின்னு எனக்குத் தேத்தண்ணி ஊத்திட்டிருக்க? நடம்மா. நான் அங்கயே வந்து குடிக்கிறேன். எனக்கும் சத்தம் கேக்கணும், காதுல மாட்டறதெல்லாம் வேணாம்."

பாகிலாவுக்கு அவளைக் கட்டிப் பிடிக்கலாம் போல இருந்தது. காதில் மாட்டுவதைப் பிடுங்கிப் போட்டாள், ஒலிபெருக்கியைத் திருப்பினாள், அண்ணிக்கு மெத்தை நாற்காலியை இழுத்துப் போட்டாள், கைக்கெட்டும் தூரத்தில் தேநீரை வைத்தாள். இந்த அவசரத்தில் ஒன்றை மட்டும் மறந்துபோனாள். ஆட்டம் தொடங்கும் முன் 'யாரும் வரலாம்' என்பதை மாற்றி 'பூட்டு' என்று வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வைப்பாள். இந்த முறை வைக்கவில்லை.

நிலாவில் இறங்கினாள். சாம்பல் நிறப் புழுதி, மேலே கறுப்பு வானம், தூரத்தில் துருப்பிடித்த சுரங்க நகரம்.

"இது என்ன, நம்ம ஆலைக்குப் பின்பக்கம் மாதிரியே இருக்கு" என்றாள் கலம்காஸ்.

"பனி உருகற நேரத்துல அப்படித்தான் அண்ணி இருக்கும்" என்றாள் பாகிலா சிரித்தபடி. அவளுக்குக் கை லேசாகிவிட்டது. காலையில் கல்லாய்க் கனத்த விரல்கள் இப்போது தானாக ஓடின. முதல் கோபுரத்துக்கு வலப்பக்கச் சந்து வழியாகப் போனாள். நின்றாள். கேட்டாள். கரகரப்பு இடப்பக்கம் போனதும் ஏறி விளக்கை ஏற்றினாள். பூச்சிகள் வந்தபோது அவள் அங்கே இல்லை.

"ஏன் சுடல?" என்றாள் கலம்காஸ்.

"குண்டு தீந்துரும். கடைசில வேணும்."

"நல்ல கணக்கு" என்று சொல்லிவிட்டு அண்ணி ஒரு மாவுருண்டையை வாயில் போட்டுக்கொண்டாள். இவளுடைய வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அபூர்வம்.

இரண்டாவது கோபுரத்தில் லாரி அளவுப் பூச்சி ஒன்று எதிரே வந்தது. பாகிலா பழைய தண்டவாளத்தின் கீழே படுத்துக்கொண்டாள். அது தலைக்கு மேலே நடந்து தாண்டியதும், பின்னால் அதன் வயிற்றுக்கடியில் மின்னிய சிவப்புப் புள்ளியைப் பார்த்து இரண்டே குண்டு. பூச்சி அப்படியே உட்கார்ந்தது. அவள் ஏறி இரண்டாவது விளக்கையும் ஏற்றினாள். தொக்தார் கை தட்டினார். இவ்வளவு சுத்தமாக அவள் ஒருநாளும் ஆடியதில்லை. இன்றைக்குக் கிடைத்துவிடும் என்று முதல்முறையாக முழுசாக நம்பினாள்.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் ஒரு கரகரத்த ஆண்குரல் கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும். வீட்ல யாரு?"

திரையின் மூலையில் இன்னொரு பெயர் முளைத்திருந்தது. 'கிழட்டு ஒட்டகம்' என்று போட்டிருந்தது. பாகிலாவின் பின்னால், துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஒரு புது வீரன் நின்றுகொண்டிருந்தான்.

மூளை விழிப்பதற்கு முன்பே அவள் வாய் கணினியின் மைக்கில் பதில் சொல்லிவிட்டது. "வ அலைக்கும் அஸ்ஸலாம், வாங்கண்ணே."

"நல்லா இருக்கீங்களா தங்கச்சி? ஒடம்பெல்லாம் சுகமா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா? ஆடு மாடெல்லாம் நல்லா இருக்கா?"

"எல்லாம் சுகம்ணே, ஆண்டவன் புண்ணியம்" என்றபடி பாகிலா அவன் தலைக்கு மேல் பாய்ந்த ஒரு பூச்சியைச் சுட்டாள். "நீங்க? உங்க வீட்ல? பிள்ளைங்க?" இன்னொன்றைச் சுட்டாள். "ஆடெல்லாம் பனிக்குத் தாங்குச்சா?"

"தாங்குச்சு தங்கச்சி. ரெண்டு குட்டி போட்டுருக்குன்னு சொன்னாங்க. நான் இன்னும் பாக்கல."

இவ்வளவும் ஆன பிறகுதான் பாகிலாவுக்கு உறைத்தது. கதவைப் பூட்டவில்லை. ஆள் உள்ளே வந்துவிட்டான். இங்கே ஆள் கூடினால் பூச்சியும் கூடும். தூரத்தில் புழுதி ஏற்கெனவே கிளம்பிவிட்டது.

"பாகிலா, அந்தச் செவப்புப் பித்தான்" என்று தொக்தார் ரகசியமாகச் சொன்னார். "வெளியேத்துன்னு இருக்கே, அத அமுக்கு. கடைசில கப்பல்ல ஒருத்தர் மட்டும் ஏறினா நட்சத்திரம் உண்டுன்னு நீதானே சொன்ன. இப்பவே தள்ளிட்டா ஒன்னும் கெட்டுப்போகல."

அவர் சொன்னது சரி. ஒரு பித்தான். அவளுடைய விரல் அதன் மேல்தான் இருந்தது.

"சலாம் வாங்கியாச்சு" என்றாள் கலம்காஸ். புருவம் நிமிர்ந்து நின்றது. "ஆடு மாட்டக்கூட விசாரிச்சாச்சு. இனிமே எப்படிம்மா வெளிய தள்ளுவ?"

"அக்கா, அவன் யாருன்னே தெரியாது."

"தெரிஞ்சவன் வந்தா சொந்தக்காரன்டா. தெரியாதவன் வந்தாத்தான் விருந்தாளி."

"இது விளையாட்டுக்கா."

"அப்ப அவ எதுக்கு வ அலைக்கும் சொன்னா?"

ஒலிபெருக்கி செருமியது. "தங்கச்சி, எனக்கு எல்லாம் கேக்குது."

அறையில் மூன்று பேருக்கும் முகம் செத்துவிட்டது. விருந்தாளியைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, அவனை எப்படித் துரத்தலாம் என்று அடுக்களையில் பேசியதை அவனே கேட்டால் எப்படி இருக்கும். தொக்தார் மெதுவாகக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"நட்சத்திரம் எனக்குத் தெரியும். பெரிய விஷயம்" என்றது குரல். "நான் பாட்டுக்குப் போயிர்றேன், மனசுல வச்சுக்காதீங்க. எனக்கு இது பழக்கம்தான். எந்தக் குழுவுல நுழைஞ்சாலும் தள்ளி விட்டுருவாங்க. நான் அரிசி ஏத்திட்டு வந்த லாரிக்காரன், எல்லையில வரிசைல நிக்கிறேன். வரிசை நகரவே மாட்டேங்குது. பொழுது போகணுமேன்னு வந்தேன். வெளிய போற பித்தான் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. இதுவா?"

அது வெடிகுண்டு எறிகிற பித்தான். இரண்டாவது கோபுரத்தின் படிக்கட்டு இருந்த இடத்தில் புகை மட்டும் நின்றது.

"அது இல்லண்ணே" என்றாள் பாகிலா.

"மன்னிச்சுக்கங்க."

பித்தான் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் போதும், தள்ளின பாவமும் இல்லை. ஆனால் 'எனக்கு இது பழக்கம்தான்' என்ற அந்தக் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லாதது அவளைப் போட்டு அழுத்தியது. கறுத்த திரையும் பாதியில் அறுந்த சிரிப்பும் ஞாபகத்துக்கு வந்தன. அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது, ஒல்ஜாஸ் மேலும் வந்தது, கதவைத் திறந்த கணவர் மேலும் வந்தது.

"போக வேணாம்ணே. இருங்க" என்றாள். "உங்க பேரென்ன?"

"செயில்பெக்."

"செயில்பெக் அண்ணே, நான் நடந்தா நடங்க. நான் நின்னா நில்லுங்க. நான் சொல்லாம சுடாதீங்க."

"சரிம்மா. துப்பாக்கி எந்தப் பக்கம் பிடிக்கணும்?"

கதவுக்குப் பின்னால் தொக்தார் தலையில் கை வைத்தார்.

மூன்றாவது கோபுரத்துக்குப் போன வழியை பாகிலா பிறகு பலமுறை நினைத்துச் சிரித்திருக்கிறாள். அவர் குழியில் விழுந்தார். ஒருமுறை அவளையே சுட்டுவிட்டு, "தங்கச்சி, யாரோ உங்கள சுடறாங்க, பாத்து" என்றார். கீழே விழும்போதெல்லாம் அவள் திரும்பிப்போய்க் கைகொடுத்து எழுப்பினாள். ஒவ்வொரு தடவையும் அவர் நின்று முறையாக நன்றி சொன்னார். கலம்காஸ் மைக் வழியாக அவரை விசாரித்து, ஊர் கிசில்ஓர்தா என்றும், மூத்த மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றும், அவர் மனைவி தன்னைப்போலவே கணக்கு டீச்சர் என்றும் கண்டுபிடித்துவிட்டாள். "அப்ப கணக்குல நீங்க எப்படி?" என்று கேட்டாள். "மதினி, நான் எந்தப் பக்கம் சுடறேன்னே எனக்குத் தெரியல" என்றார் செயில்பெக்.

ஆனால் ஒன்று. லாரிக்காரர் நிற்கத் தெரிந்தவர். நில் என்றால் நின்றார். எத்தனை நேரமானாலும் நின்றார். பையன்கள் ஒருநாளும் செய்யாத காரியம் அது. பூச்சிகள் இரண்டு மடங்காகத் தேடி வந்தும், இருவரும் இருட்டில் அசையாமல் நின்றதில் அவை தாண்டித் தாண்டிப் போயின. மூன்றாவது விளக்கு எரிந்தபோது கலம்காஸ் குளிர்ந்துபோன தேநீர்க் கிண்ணத்தை மறந்து நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள்.

மொட்டைமாடி. கப்பல் வருவதற்குச் சற்று நேரம் தாக்குப் பிடிக்க வேண்டும். சேர்த்து வைத்த குண்டையெல்லாம் பாகிலா இங்கேதான் செலவழித்தாள். ஏணி வழியே ஏறியவற்றைத் தள்ளினாள், சுவரைத் தாண்டியவற்றைச் சுட்டாள். செயில்பெக் அவள் முதுகுப் பக்கம் நின்று, "பின்னாடி ஒன்னு... இன்னும் ஒன்னு... அது நான்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வெள்ளை வெளிச்சத்தோடு கப்பல் இறங்கியது. கதவு திறந்தது. பாகிலா கப்பலின் படியில் கால் வைத்தபோது பின்னால் சத்தம் கேட்டது. லாரி அளவுப் பூச்சி ஒன்று சுவரை உடைத்துக்கொண்டு வந்து, செயில்பெக்கை மாடியின் அந்தக் கோடிக்குத் தூக்கி எறிந்திருந்தது. அவர் விழுந்து கிடந்தார்.

"ஏறுங்க தங்கச்சி" என்றார் ஒலிபெருக்கியில். குரலில் சந்தோஷம்தான் இருந்தது. "நான் இங்கயே கெடக்கிறேன். நீங்க ஒருத்தர்தானே ஏறுவீங்க, நட்சத்திரம் உங்களுக்குத்தான். எனக்கு நல்லா பொழுது போச்சு."

உள்ளே போனால் வெள்ளை நட்சத்திரம். யாரும் ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது. தள்ளவில்லை, துரத்தவில்லை, அவரே போ என்கிறார்.

"ஏறு" என்று கத்தினாள் கலம்காஸ். எழுந்தே நின்றுவிட்டாள். "அந்தாளே சொல்றாரு, ஏறித் தொலைம்மா, கதவு மூடுது."

"ஏறு பாகிலா" என்றார் தொக்தாரும்.

ஆசையாக இருந்தது. பொய் சொல்வானேன், அந்த ஒரு நொடியில் அவளுக்கு அந்த நட்சத்திரம் நெஞ்சடைக்கிற அளவுக்கு வேண்டியிருந்தது. அதற்குள் கால் படியிலிருந்து இறங்கிவிட்டது. மாடியின் குறுக்கே ஓடினாள். ஆமாம், ஓடினாள், வாழ்க்கையில் முதல்முறையாக நிலாவில் ஓடினாள். பூச்சியின் கால்களுக்கு நடுவே புகுந்து, அவர் கையைப் பிடித்து எழுப்பி, கையில் மிச்சமிருந்த ஒரே வெடிகுண்டை அவருக்கும் தனக்கும் பின்னால் எறிந்தாள். "ஓடுங்கண்ணே, இப்ப நிக்காதீங்க" என்று கத்தினாள். கப்பல் கதவு முக்கால்வாசி மூடியபோது அவர் உள்ளே விழுந்தார், அவர் மேல் இவள் விழுந்தாள்.

கப்பல் எழும்பியது. திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. பாகிலா. கிழட்டு ஒட்டகம். சாம்பல் நிலை முடிந்தது. நட்சத்திரம் இல்லை.

கலம்காஸ் மெதுவாக உட்கார்ந்தாள்.

"நீ மட்டும் அவர விட்டுட்டு வந்திருந்தா, இனி இந்த வீட்ல தண்ணிகூடக் குடிச்சிருக்க மாட்டேன்" என்றாள்.

"நீங்கதானே அண்ணி ஏறச் சொன்னீங்க."

"நான் ஆயிரம் சொல்லுவேன்."

பாகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நட்சத்திரம் போனது போனதுதான், அது உறுத்தத்தான் செய்தது. ஆனால் உடம்பெல்லாம் ஒரு நிறைவு. நல்ல உருக்கைச் சிந்தாமல் ஊற்றி முடித்த நாளில் வருமே, அந்த மாதிரி. ஒலிபெருக்கியில் செயில்பெக் பக்கத்து லாரிக்காரனைக் கூப்பிட்டு, "டேய் வந்து பாருடா, முடிச்சிட்டோம்" என்று கத்துவது கேட்டது. மகளைக் கட்டிக்கொடுத்த ஒரு ஆள் இவ்வளவு சந்தோஷப்பட்டு அவள் கேட்டதே இல்லை.

அப்போது திரையின் கீழே ஒரு செய்தி வந்தது. ஒல்ஜாஸ்.

'அக்கா, பட்டியல்ல பாத்தேன். சாம்பல் நிலைய ரெண்டே பேரா முடிச்சிட்டீங்களா? நாங்க இன்னும் மூணாவது கோபுரத்தத் தாண்டல. அந்த இன்னொருத்தர் யாரு, பெரிய ஆளா? எங்க நாலாவது ஆள் நின்னுட்டான். உங்க இடம் அப்படியேதான் இருக்கு, வாங்க.'

கலம்காஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை உரக்கப் படித்தாள். எல்லாருக்கும் கேட்டது, எல்லையில் நின்ற லாரிக்கும் கேட்டது.

"போங்க தங்கச்சி" என்றார் செயில்பெக். பழகின குரல். "நல்ல பசங்க போல. எனக்கு அந்தப் பித்தான் எங்க இருக்குன்னு சொல்லிட்டுப் போங்க."

பாகிலா விசைப்பலகையை இழுத்தாள். ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக அடித்தாள்.

'அந்த இடத்துக்கு வேற ஆள் பாத்துக்கோ, தம்பி. நாங்க ரெண்டு பேரு இருக்கோம். எங்ககிட்ட ரெண்டு இடம் காலியா இருக்கு. நில்லுன்னா நிக்கத் தெரிஞ்சவங்க வரலாம்.'

அனுப்பிவிட்டு, பித்தான் எங்கே என்று மறுபடியும் கேட்ட செயில்பெக்கிடம், அது தனக்கும் தெரியாது என்று சொன்னாள்.